கால் படாத இடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் அடுக்குமாடியில் வாசல் காவலாளி முதல் மேல்வீட்டு வங்கி மனேஜர் வரை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதை நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. கோபக்காரி, ஆனால் நியாயக்காரி என்று எனக்கு நானே ஒரு பட்டம் கொடுத்து வைத்திருந்தேன். முதற்பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் துஷாந்தினி. கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கிறேன். வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் இரண்டு அறை வீடு, கடல் பக்கம் பார்த்த ஒரு பல்கனி. என்னோடு இருப்பவர் பத்மா அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அக்காவுக்கு நடந்து, அத்தான் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருவருக்கு ஒருவர் துணை என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். சமைப்பது, உடுப்பு மடிப்பது, எனக்குப் பிரஷர் மாத்திரையை எடுத்துக் கையில் தருவது எல்லாம் அக்கா. சத்தம் போடுவது நான்.

என் ஆராய்ச்சி சதைப்பற்றுச் செடிகளைப் பற்றியது. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே போட்டிருக்கிற கருங்கற்களுக்கு இடையில் தடித்த இலைகளோடு ஒரு செடி படர்ந்து கிடக்கும். லத்தீனில் அதற்கு வாயில் நுழையாத பெயர். எங்கள் ஆய்வுகூட உதவியாளர் செபஸ்தியன் அதைக் கல்லுப்பூண்டு என்பார், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அலை ஏறினால் உப்பு, வெயில் எறித்தால் வறட்சி. இரண்டுக்கும் நடுவில் அது சுகமாகத்தான் இருக்கிறது. எப்படி இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

நமக்கு ஓரிடத்தில் இருக்க முடியாவிட்டால் கனடாவுக்கு விசா போடலாம். செடி நின்ற இடத்தில் நின்றபடியே தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். மண்ணில் உப்பு ஏறியதும் அதுவரை சும்மா கிடந்த சில மரபணுக்கள் எழும்பி வேலையைத் தொடங்கும். வந்த உப்பை இலைக்குள் ஒரு மூலைக்குத் தள்ளிப் பூட்டி வைப்பது ஒன்றின் வேலை. தண்ணீர் இல்லாமற் போனால் வேறு சில எழும்பும், பகலில் இலையின் நுண்துளைகளான இலைவாய்களை மூடிக்கொண்டு இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றும். இரண்டு கஷ்டத்துக்கும் பொதுவானவையும் உண்டு, உப்புக்கு மட்டுமே எழும்புபவையும் உண்டு. ஆகவே ஒரு இலையைக் கிள்ளி, எந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்த்தால், அந்தச் செடி எதை அனுபவித்தது என்று சொல்லிவிடலாம். செடி பொய் சொல்லாது என்று மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்பது அதன் மறுபக்கம். அதையும் என் முகம் சொல்லியிருக்கும்.

மூன்று வருட ஆயத்தத்துக்குப் பிறகு 2022ஆம் ஆண்டு பெரிய பரிசோதனை ஒன்றைத் தொடங்கினேன். பதினெட்டுச் சாடிகளில் கல்லுப்பூண்டு. ஆறுக்கு நல்ல தண்ணீர், ஆறுக்கு உப்புத் தண்ணீர், ஆறுக்குத் தண்ணீரே இல்லை. நல்ல தண்ணீர் ஊற்றும் ஆறும்தான் அளவுகோல். அவற்றோடு ஒப்பிட்டுத்தான் மற்றப் பன்னிரண்டைப் பற்றியும் எதையாவது சொல்ல முடியும். அந்த ஆறும் பிழையாகப் போனால் எல்லாமே பிழையாகப் போன மாதிரி. வெளிநாட்டு நிதி கிடைத்திருந்தது, பத்திரிகையில் என் படம் போட்டிருந்தார்கள், நானும் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அப்போதுதான் நாட்டில் பெற்றோல் தீர்ந்தது. பல்கலைக்கழகத்தை மூடிவிட்டு வீட்டிலிருந்து படிப்பியுங்கள் என்றார்கள். மாணவர்களைக் கணினியில் பார்க்கலாம், சாடிகளை எப்படிப் பார்ப்பது? செபஸ்தியன்தான் வழி சொன்னார். மூன்று நாளாகச் சைக்கிள் கரியரில் கட்டிக் கட்டிப் பதினெட்டுச் சாடிகளையும் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மின்வெட்டில் லிஃப்ட் ஓடாத நேரம் என்றால் இரு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஆறு மாடியும் ஏறினார். பல்கனியில் மூன்று வரிசையாக வைத்தோம். அக்கா சமைக்கிற குசினிக் கதவுக்கு அருகே இருந்த வரிசை நல்ல தண்ணீர் வரிசை.

செபஸ்தியனுக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய ஒழுங்கையில் வீடு. மனைவி, ஒரே மகள். பதினான்கு வருடமாக எங்கள் துறையில் தற்காலிக வேலை. அந்த வருடக் கடைசியில் நிரந்தரப் பதவி ஒன்றுக்கு நேர்முகத் தேர்வு வர இருந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்பதால் அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்கு வேண்டியது திட்டத்தின் பொறுப்பாளரிடமிருந்து ஒரு கடிதம், அதாவது என்னிடமிருந்து.

திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து சைக்கிளில் வருவார். சிவப்பு டேப் ஒட்டிய பிளாஸ்ரிக் கானில் உப்புத் தண்ணீர், டேப் இல்லாததில் நல்ல தண்ணீர். ஊற்றுவதற்கு முன் ஒரு துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

“ஆய்வுகூடத்தில ஒண்டையும் வாயில வைக்கக்கூடாது எண்டு எத்தனை தரம் சொல்லுறது, செபஸ்தியன்?”

“இது உங்க வீட்டு பல்கனிதானே மிஸ்” என்று சிரிப்பார். “கண்ணு ஏமாத்தும். நாக்கு ஏமாத்தாது.”

ஊற்றிய அளவையும் நேரத்தையும் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைப்பார். ஒவ்வொரு வெள்ளியும் இலை கிள்ளிச் சிறு குழாய்களில், கெடாமல் காக்கும் மருந்துக்குள் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக் கட்டுவார். அக்கா தேத்தண்ணி கொடுப்பார். எட்டுக் கிழமை இப்படிப் போனது.

செப்ரெம்பரில் பல்கலைக்கழகம் திறந்து ஆய்வுகூடத்தில் சோதித்தபோது என் தலையில் இடி விழுந்தது. உப்புச் சாடிகள் நினைத்தபடி இருந்தன. தண்ணீர் இல்லாதவையும் நினைத்தபடி இருந்தன. நல்ல தண்ணீர் ஊற்றிய ஆறு சாடிகளிலும் உப்புக்கு மட்டும் எழும்புகிற மரபணு எழும்பி வேலை செய்துகொண்டிருந்தது. உப்புச் சாடிகள் அளவுக்கு இல்லை, ஆனால் சும்மா கிடக்க வேண்டியது பல மடங்கு கூடியிருந்தது. இரண்டு தரம் திருப்பிச் செய்தோம், அதே விடைதான் வந்தது.

ஒரு சாடியில் மட்டும் என்றால் ஏதோ தவறுதல் என்று ஒதுக்கிவிடலாம். கடற்காற்று என்றால் கடல் பக்கம் இருந்த தண்ணீர் இல்லாத வரிசைக்கும் பட்டிருக்க வேண்டும், படவில்லை. ஆறிலும் ஒரே அளவாக என்றால், ஒரு கைதான் ஒழுங்காக ஊற்றியிருக்க வேண்டும். சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய கை ஒன்றே ஒன்று. நான் கணக்குப் போட்ட விதம் அப்படி. வெயிலில் மிதித்து வந்த களைப்பில் கானை மாற்றியிருக்கிறார், ஒரு நாளல்ல, பல நாள். கொப்பியில் மட்டும் சரியாக எழுதியிருக்கிறார். பிழையைவிட அந்தப் பொய்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் ஜனா, பர்ஹா உட்பட என் நான்கு மாணவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே கொப்பியை மேசையில் போட்டேன்.

“எத்தனை நாள் கானை மாத்தினீங்கள்?”

“மாத்தல மிஸ். நாக்குல வச்சுப் பாத்துத்தானே ஊத்துவேன். உங்களுக்கே தெரியும்.”

“அப்ப செடி பொய் சொல்லுதோ?”

அவர் சோதனை முடிவுத் தாளை எடுத்துப் பார்த்தார். நல்ல தண்ணீர் வரிசையில் ஆறு எண்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தார். முகம் மாறியது. “மிஸ், கொஞ்சம் வெளிய வாங்க. ஒரு விஷயம் பேசணும்” என்றார்.

“என்ன எண்டாலும் இதில நிண்டு சொல்லுங்கோ. இவையும் கேக்கட்டும்.”

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். பர்ஹா தலையைக் குனிந்துகொண்டாள். “ஒன்னுமில்ல மிஸ்” என்றார் செபஸ்தியன். அகப்பட்டவன் முழிக்கிற முழி என்று நினைத்தேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். கள்ளக் கையெழுத்து என்றும், என் மூன்று வருட உழைப்பைக் குப்பையில் போட்டவர் என்றும் சொன்னேன். இன்னும் சொன்னேன், அவற்றை எழுதக் கை வரவில்லை.

அந்த ஆறு சாடிகளையும் வெளியே வீசச் சொன்னேன். அப்போதுகூட அவர், “வீசாம வைப்போம் மிஸ். இங்க கொண்டுவந்த பிறகு ரெண்டு கிழமை தண்ணி இல்லாமக் கெடந்துச்சு, இதுக மட்டும் வாடவே இல்ல. என்னான்னு பாக்கணும்” என்றார். நான் பார்க்கவில்லை. கொஞ்சம் உப்பைக் கண்ட செடி பிறகு வரும் வறட்சிக்குத் தயாராகிவிடுமா என்பது எவ்வளவு நல்ல கேள்வி என்று ஆத்திரம் அடங்கியபின் புரிந்தது. அதற்குள் குப்பை லொறி போய்விட்டது.

நேர்முகத் தேர்வுக்காகத் துறையிலிருந்து கடிதம் கேட்டார்கள். ஒரே வரியில் எழுதினேன்: இவருடைய வேலையில் கவனமும் நேர்மையும் போதாது, பரிந்துரைக்க முடியவில்லை. எழுதியபோது மனசாட்சிப்படி நடப்பதாகத்தான் நினைத்தேன். அவரைத் தேர்வுக்குக் கூப்பிடவில்லை. டிசம்பரில் தற்காலிக வேலையும் முடிந்தது. அதற்குள் மூன்று முறை என்னைப் பார்க்க வந்ததாக அலுவலகத்தில் சொன்னார்கள். நேரமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

பரிசோதனையை அடுத்த வருடம் புதிதாகச் செய்தேன், சரியாக வந்தது, பிரசுரமானது. இந்த வருடம் மார்ச் மாதத்தில் என்னைப் பேராசிரியர் ஆக்கினார்கள். திரும்பவும் பத்திரிகையில் படம். அன்று வெள்ளிக்கிழமை. கூட்டம் ஒன்று நடக்காமற் போனதால் நேரத்தோடு வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு வெளியே வந்தேன். இருட்டத் தொடங்குகிற மைம்மல் பொழுது. கூடத்து மேசையில் பத்திரிகை விரித்துக் கிடந்தது. என் படத்துக்கு மேலே அக்கா கையை மூடி மூன்று முறை சுற்றிக்கொண்டிருந்தார்.

ஊர்க்கண் படாமல் இருக்க நாவூறு கழிக்கிறார். கைக்குள் இருப்பது உப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. பேராசிரியரின் வீட்டில் பேராசிரியரின் படத்துக்கு நாவூறு. நான் நிற்பதைக் காணாமல் அக்கா உப்பை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். சொம்போடு பல்கனிக்குப் போனார். கறிவேப்பிலைச் சாடிக்குள் கொஞ்சம், துளசிச் சாடிக்குள் கொஞ்சம் என்று ஊற்றினார்.

எங்கள் வீட்டில் கறிவேப்பிலை நின்று பிடிப்பதில்லை. தாவரவியல் படிப்பிக்கிறவளின் வீட்டில் ஒரு கறிவேப்பிலை உருப்படவில்லையே என்று மேல்வீட்டார் கேலி செய்வார்கள். அந்த நினைப்பு வந்த அதே நொடியில், குசினிக் கதவடியில் நின்ற ஆறு சாடிகளும் நினைவுக்கு வந்தன.

“அக்கா, இதை எப்ப தொடக்கம் இதுக்கை ஊத்திறியள்?”

அக்கா திடுக்கிட்டுச் சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அறுபத்திரண்டு வயதுப் பெண் தன் தங்கைக்குப் பயந்து சொம்பை மறைக்கிறார். அதைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

“ஏசாதை பிள்ளை. ஊர்க்கண் பொல்லாதது. உப்பும் செத்தல் மிளகாயும் சுத்தி அடுப்பிலை போடுறதுதான் முறை. காஸ் அடுப்பிலை என்னெண்டு போடுறது? புகைஞ்சால் மேல்வீட்டுக்காரர் இருமிக்கொண்டு ஓடி வருவினம். அதுதான் தண்ணியிலை கரைச்சுக் கால் படாத இடத்திலை ஊத்திறது.”

“கால் படாத இடம் எண்டால் கடல் கிடக்குத்தானே கீழை.”

“முந்திக் கடலுக்குத்தான் கொண்டுபோனனான். அந்தப் பெற்றோல் இல்லாத காலத்திலை பின்னேரம் கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. இந்த முழங்காலோடை ஆறு மாடி இறங்கி ஏறேலுமே? கக்கூசிலை ஊத்தக்கூடாது. சாப்பிட்ட கோப்பை கழுவிற இடத்திலை ஊத்தக்கூடாது. பிளாட்டிலை கால் படாத மண் எண்டால் பூச்சாடி மட்டுந்தானே.”

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். “அப்ப என்ரை செடிக்குள்ளையும் ஊத்தினியளோ?”

“செவ்வாயும் வெள்ளியும். உன்ரை படம் பேப்பரிலை வந்து, எல்லாற்றை கண்ணும் உன்னிலை. காஸ் வரிசையிலை நிண்டிட்டு வந்து கதிரையிலை செத்தவள் மாதிரிக் கிடப்பாய், பிரஷரும் ஏறினபடி. எனக்குப் பயம். நீ நித்திரை கொள்ளேக்கை சுத்திப்போட்டுக் குசினிக் கதவடியிலை நிண்ட சாடியளுக்கு ஊத்திறது.” பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், “ஒண்டுக்கை மட்டும் ஊத்தினால் அந்தச் செடி செத்துப்போடும் எண்டு ஆறுக்கும் அளவாப் பங்கிட்டுத்தான் ஊத்தினனான்” என்றார்.

ஒரு கைதான் ஒழுங்காக ஊற்றியிருக்க வேண்டும் என்று நான் போட்ட கணக்கு சரி. அது எந்தக் கை என்று பார்க்க நான் என் வீட்டுக்குள் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் வீட்டை ரெண்டாக்கிப்போடுவாய். உதெல்லாம் மூடநம்பிக்கை எண்டு கத்துவாய்.” அக்கா சொம்பை மெல்லத் தரையில் வைத்தார். “செபஸ்தியனுக்குத் தெரியும். கடைசி வெள்ளி அவர் பெட்டி கட்டேக்கை நான் ஊத்தினதைக் கண்டிட்டார். இதுக்கை ஊத்தக்கூடாது அக்கா எண்டு சொன்னவர். தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு கையெடுத்துக் கும்பிட்டனான். நல்ல மனிசன், சொல்லேல்லைப் போலை. அவர் ஏன் பிறகு வரவே இல்லை?”

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது? அக்காவிடம் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷி தாங்க மாட்டார். வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார் என்றேன். செடி பொய் சொல்லாது என்று பாடம் எடுத்தவள், அந்தச் செடிகள் நின்ற பல்கனியிலேயே உட்கார்ந்துகொண்டு பொய் சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர் வேலை செய்யும் இடத்தை அலுவலகத்துப் பழைய ஆள் ஒருவர் சொன்னார். பெயின்ற் கடை. உள்ளே ஒரு மெஷின் முன்னால் நின்று, வெள்ளைப் பெயின்ற் வாளிக்குள் சாயம் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு துளி விட்டார், கலக்கினார், தன் விரல் நகத்தில் பூசி வெளிச்சத்தில் பார்த்தார், இன்னொரு துளி விட்டார். வாங்க வந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ பகிடி சொன்னார். வாளியை மூடிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் என்னைக் கண்டார்.

“வாங்க மிஸ்” என்றார், நேற்றுப் பார்த்தவர் போல. “உங்களுக்கு என்ன கலர்?”

நான் அழுதுவிட்டேன். கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவர் கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு வெளியே கூட்டிவந்து, பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார வைத்தார்.

“அக்கா சொல்லிப்போட்டா” என்றேன். “உங்களுக்கு முதலே தெரியும்.”

“ரிசல்ட்டப் பாத்த உடனே வெளங்கிருச்சு. அதுவரைக்கும் அவங்க அந்த ஒரு நாள்தான் ஊத்துனாங்கன்னு நெனச்சேன்.”

“ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?”

“வெளிய வாங்கன்னு கூப்பிட்டேனே மிஸ். புள்ளைங்க நாலு பேரு நிக்கிறப்ப எப்படிச் சொல்றது? டொக்டர் துஷாந்தினி வீட்டுல கண்ணூறு கழிச்ச உப்ப செடிக்கு ஊத்துனாங்கன்னு சொன்னா கம்பஸ் முழுக்கச் சிரிப்பானுங்க. உங்க மரியாத என்னாகுறது? அப்புறமாத் தனியா சொல்லுவோம்னு மூணு தரம் வந்தேன். நீங்க பாக்கல.” அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. “நீங்க என்னக் கேக்கல மிஸ். எத்தன நாள் மாத்தினேன்னுதான் கேட்டீங்க.”

மன்னிப்புக் கேட்டேன். எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. துறைக்கு எழுதுகிறேன், என்ன நடந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், அந்தப் பதவிக்குத் திரும்ப ஒரு முயற்சி செய்யலாம் என்றேன்.

“எனக்கு நாப்பத்தேழு மிஸ்” என்றார். “எழுதுங்க, வேணான்னு சொல்லல. வேல வராது.”

தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கிளாசை மேசையில் வைத்தார். பிறகு, “ஒன்னு செய்வீங்களா?” என்றார். “வீட்டுக்கு வந்து என் மகளுக்கு இத ஒருக்காச் சொல்லணும். வேல போனப்ப ஏன் போச்சுன்னு கேட்டா. அவளுக்கு நீங்கன்னா உசிரு. சின்னதுல ஒரு நாள் லாபுக்குக் கூட்டிட்டு வந்தப்ப மைக்ராஸ்கோப்ல எலையக் காட்டுனீங்களே, அதுல இருந்து. உங்க மேல பிழைன்னு எப்படிச் சொல்றது? அக்கா மேல எப்படிச் சொல்றது? நானே மாத்தி ஊத்திட்டேன்னு சொல்லிட்டேன்.”

ஒழுங்கையில் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். கதவைத் திறந்தது ரொஷேல். பதினெட்டு வயது, உயர்தரம் படிக்கிறாள், கையில் உயிரியல் கொப்பி. என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்திருக்க வேண்டாம் என்று இருந்தது. கதிரை தந்தாள். நான் உட்காரவில்லை.

நின்றபடியே சொன்னேன். எங்கள் வீட்டில் நாவூறு கழித்த உப்புத்தான் அந்தச் செடிகளுக்குள் போனது என்றேன். அதை அறியாமல், அறியவும் பார்க்காமல், நாலு பேருக்கு முன்னால் உன் அப்பாவைக் கள்ளன் என்றேன், அவர் உண்மையைச் சொல்ல வந்த மூன்று தரமும் கதவைச் சாத்தினேன் என்றேன். “உங்கட அப்பாவில ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. அவரைப் போலக் கவனமான ஆளை நான் காணேல்லை. பிழை முழுக்க என்ரை.”

ரொஷேல் கேட்டுக்கொண்டே நின்றாள். என் மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூடத் தயாராக வந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

“அப்ப நீங்க ஒன்னுமே மாத்தலயா?”

செபஸ்தியன் இல்லை என்று தலையசைத்தார்.

அவள் கொப்பியை மேசையில் வைத்தாள். திரும்ப எடுத்தாள். “டெய்லி காலைல இவரு கடைக்குக் கெளம்புறப்ப நான் சொல்லுவேன் மிஸ்” என்றாள், இப்போதும் என்னைப் பார்க்காமலே. “இன்னைக்காவது மாத்தி ஊத்தாம வாங்கப்பான்னு. ஜோக்காத்தான் சொல்லுவேன். இன்னைக்குக் காலைலயும் சொன்னேன். இவரு சிரிச்சுக்கிட்டே ‘சரி மகள்’னு சொல்லிட்டுப் போவாரு.”

“அதுக்கென்னம்மா இப்ப. வுடு” என்றார் அவர்.

அவள் உள்ளே போய்விட்டாள். அறைக் கதவு மெல்லத்தான் சாத்தப்பட்டது. செபஸ்தியன் என்னைத் தாண்டிப் போய் அந்தக் கதவடியில் நின்று, “ரொஷேல், ரொஷேல்” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்க இனி வேலை இல்லை.

ஒழுங்கையில் இறங்கி நடந்தேன். அன்று காலைவரை என் பிழைக்காக வருந்த நான் ஒருத்திதான் இருந்தேன். இப்போது, எந்தக் குற்றமும் செய்யாத அந்தப் பிள்ளையும் இருந்தது.